ஸ்மோக்கர் சூடேறவில்லையா? எலிமெண்ட்டை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் வீட்டிலும் விடுதியிலும் கோழிக்குப் புகையூட்ட மின்சார ஸ்மோக்கர் வைத்திருப்பவர்கள், பெட்டி சூடேறவில்லை என்றதுமே புது எலிமெண்ட் (சூடேற்றும் கம்பிக்குழாய்) வாங்கக் கோயம்புத்தூருக்கு ஆள் அனுப்பிவிடுகிறார்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன். புதிதை மாட்டியும் பெட்டி சில்லென்றே இருந்தது.

பழுது வேறு இடத்தில் இருந்தது. பிளக்கைப் பிடுங்கி, பெட்டி நன்றாக ஆறிய பிறகு பின்தகட்டைத் திறந்து, எலிமெண்ட்டின் கால்களில் ஒயர் சேரும் இடத்தைப் பாருங்கள். என் பெட்டியில் அங்கே ஒயர் முனையைப் பிடிக்கும் உலோகத் துண்டு, அதாவது லக், கறுத்துப்போய், ஒயரின் தோல் தொட்டதும் பொரபொரவென்று உதிர்ந்தது. லேசாக ஆட்டியதும் லக் கையோடு வந்துவிட்டது. பிடிப்பு தளர்ந்தால் அந்த இடமே சூடாகும், சூடானால் இன்னும் தளரும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் குழப்பம் தீரும்: 230 வோல்ட், 800 வாட் எலிமெண்ட் நல்ல நிலையில் சுமார் 66 ஓம் காட்டும்.

சரி, லக்தான் போயிருக்கிறது என்று தெரிந்த பிறகு, கையில் கிடைத்த பிவிசி ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது அடுத்த தவறு. சாதாரண பிவிசி தாங்குவது 70 டிகிரிதான். கண்ணாடி நூல் உறை போட்ட ஒயரும் நிக்கல் பூசிய லக்கும் வாங்குங்கள். ஈயம் வைக்காமல், லக்கை ஒயரோடு நசுக்கிப் பிடிக்கும் கிரிம்ப் கருவியால் இறுக்கிவிடுங்கள்.

நம் மலைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. எலிமெண்ட் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்ஸைடு பொடி அடைத்திருக்கும். அது ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு மாதம் சும்மா கிடந்த பெட்டியைப் போட்டால், மின்கசிவு இருந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி டக்கென்று டிரிப் ஆவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அப்போது எர்த் ஒயரைக் கழற்றிவிட்டால் டிரிப் நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். கசியும் மின்சாரம் போக வழியில்லாமல் பெட்டியின் உடம்பில் நிற்கும், ஈரக்கையோடு கதவைத் திறப்பவர் வழியாகத்தான் இறங்கும். எலிமெண்ட்டைக் கழற்றி, 120 டிகிரி ஓவனில் சில மணி நேரம் உலர்த்துங்கள். பிறகு எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மின்கசிவுக்கான தடையை அளக்கும் மெகர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மாட்ட வேண்டாம்.

குளிர் ஊர் என்பதால் 800 வாட்டைத் தூக்கிவிட்டு 1500 வாட் போடும் ஆசையும் எல்லோருக்கும் வரும். அதற்கு முன் சாயங்காலம் உங்கள் வீட்டில் வோல்டேஜ் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். 190 வோல்ட்தான் வருகிறதென்றால் 800 வாட் எலிமெண்ட் சுமார் 550 வாட்தான் தரும். கதவு ரப்பர் சுருங்கியிருந்தாலும் சூடு வெளியே போய்விடும். இரண்டும் சரியாக இருந்து, அப்புறமும் போதவில்லை என்றால் மாற்றுங்கள். ஆனால் 1500 வாட்டுக்கு 6.5 ஆம்பியர் ஓடும், 6 ஆம்பியர் பிளக் தாங்காது. 16 ஆம்பியர் பிளக் வேண்டும், உள் ஒயரும் தெர்மோஸ்டாட்டும் அதைத் தாங்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த 120 வோல்ட் எலிமெண்ட்டை நேராக நம் லைனில் மாட்டவே கூடாது. அந்த வகை 800 வாட் எலிமெண்ட் 2900 வாட்டை இழுத்து எரிந்துபோகும்.

தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் சூட்டை அளந்து சீராக வைக்கும் பிஐடி கன்ட்ரோலரும், அது சொல்வதைக் கேட்டு எலிமெண்ட்டை ஆன், ஆஃப் செய்யும் மின்னணு ஸ்விட்சான எஸ்எஸ்ஆரும் போடுவது நல்ல மேம்பாடு. எஸ்எஸ்ஆருக்குச் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க் வைத்து, பெட்டிக்கு வெளியே பொருத்துங்கள். அது பழுதானால் பெரும்பாலும் ஆன் நிலையிலேயே மாட்டிக்கொள்ளும், கன்ட்ரோலரால் நிறுத்த முடியாது. அதனால் சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும், கையால் ரீசெட் செய்யும் கட்-அவுட் ஒன்று தனியாக இருந்தே ஆக வேண்டும்.

சூட்டை அளக்கும் சென்சாரைக் கொதிநீரில் விட்டு, 100 காட்டவில்லை என்று கன்ட்ரோலரில் அளவைக் கூட்டிவைப்பதை ஊட்டியில் செய்தால் ஆபத்து. 2240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்காக 7 டிகிரி கூட்டினால், கோழி வெந்துவிட்டது என்று நாம் நம்பும் 74 திரையில் வரும்போது கோழியின் உள்ளே உண்மையில் 67தான் இருக்கும். நொறுக்கிய ஐஸ் நிறையப் போட்ட தண்ணீரில் சோதியுங்கள். எந்த மலையிலும் அங்கே 0 காட்ட வேண்டும்.