பிரஸ் இல்லாம வீட்லயே மோனோடைப் பிரிண்ட் போடுறது எப்படி

மோனோடைப்னா ஒரு ஷீட் மேல இங்க்ல படம் பண்ணி, அத பேப்பர்ல ஒத்தி எடுக்கிற பிரிண்ட். அதுக்கு பிரஸ், அதாவது அழுத்தி அச்சடிக்கிற மெஷின், இருந்தே ஆகணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஒரு அக்ரிலிக் ஷீட், ரப்பர் ரோலர், ஆயில் இங்க் (எண்ணெய் சேர்ந்த அச்சு மை), மெல்லிசான பேப்பர், ஒரு எவர்சில்வர் கரண்டி, இவ்ளோதான் சாமான். கண்ணாடியும் ஓகே, ஓரத்துல டேப் ஒட்டிக்கோங்க, இல்லன்னா கையைக் கிழிச்சிரும்.

அக்ரிலிக் பெயின்ட் வேணாம், நீங்க படத்தை யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள காஞ்சிடும். ஆயில் இங்க் பொறுமையா காத்திருக்கும்.

முக்கியமான வேலை இங்க் தேய்க்கிறதுதான். கொஞ்சூண்டு வச்சு ரோலர்ல நாலாபக்கமும் உருட்டுங்க, சர்ர்ர்னு மெல்லிசா சத்தம் வந்தா சரி, பிசுக் பிசுக்னு ஒட்டுற சத்தம் வந்தா இங்க் ஜாஸ்தி, பழைய நியூஸ்பேப்பர வச்சு ஒத்தி எடுத்துடுங்க. கையால அழுத்தும்போது இங்க் தடிமனா இருந்தா எல்லாம் நசுங்கி அப்பிக்கும், பாதி பேருக்கு பிரிண்ட் கெட்டுப்போறது இங்கதான்.

இப்ப ஷீட் முழுக்க கருப்பா இருக்கும்ல, வெளிச்சம் வேணுங்கிற இடத்துல துணி, காது குடையுற பட்ஸ், தீக்குச்சின்னு கையில கிடைச்சத வச்சு தொடைச்சு எடுங்க. பிரெஞ்சு ஓவியர் டெகா (Degas) இப்படித்தான் நிறைய பண்ணிருக்காரு. எழுத்து இருந்தா தலைகீழா இல்ல, கண்ணாடியில தெரியிற மாதிரி திருப்பி எழுதணும்.

பேப்பர லேசா ஈரமாக்கி, தண்ணி மினுமினுப்பு போற வரை டவல்ல ஒத்தி, ஒரே தடவையில மேல போடுங்க, போட்டப்புறம் நகத்தக் கூடாது. கரண்டியோட முதுகுப் பக்கத்தால நடுவுல ஆரம்பிச்சு சின்னச் சின்ன வட்டமா ஓரம் வரைக்கும் அழுத்தித் தேய்க்கணும், கை வலிக்கும், பரவால்ல. பேப்பர் கிழியுற மாதிரி இருந்தா நடுவுல ஒரு பட்டர் பேப்பர் வச்சுக்கோங்க. ஒரு மூலைய மட்டும் தூக்கிப் பாருங்க, வெளுத்திருந்தா மறுபடி படுக்கவச்சு தேய்ங்க.

எடுத்ததும் ஷீட்ட கழுவிடாதீங்க! மிச்ச இங்க்ல இன்னொரு பேப்பர் போட்டா மங்கலா ஒரு பிரிண்ட் வரும், டெகா அது மேலதான் பாஸ்டல் (கலர் குச்சி) போட்டு வேற படமாவே மாத்திடுவாரு. எனக்கு முதல் பிரிண்ட விட அதுதான் புடிக்கும்.

தேய்க்கவே சோம்பலா இருந்தா இன்னொரு வழி இருக்கு, இன்னொரு பிரெஞ்சு ஓவியர் கோகன் (Gauguin) பண்ணது. மெல்லிசா இங்க் உருட்டின ஷீட் மேல காஞ்ச பேப்பர அழுத்தாம வச்சு, முதுகுல பென்சிலால வரையணும். கோடு கொஞ்சம் பிசிறடிச்சு அழகா விழும். கை பட்ட இடமெல்லாம் அழுக்காகும், அதனால ரெண்டு பக்கமும் புத்தகம் வச்சு குறுக்கே ஸ்கேல் போட்டு அது மேல கைய வச்சுக்கோங்க.

ஷீட்டயும் ரோலரயும் சமையல் எண்ணெய்ல தொடைச்சு அப்புறம் சோப்பு போட்டா போதும். பிரிண்ட கொடியில கிளிப் போட்டுத் தொங்கவிடுங்க, காய சில நாள் ஆகும்.