கேப்ஸ் லாக் விசையில் தமிழ்–ஆங்கில மாற்றம்: விண்டோஸில் செய்முறை

தமிழில் எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு மின்னஞ்சல் முகவரி வரும், அப்புறம் ஒரு கோப்பின் பெயர், ஒரு பாஸ்வேர்ட். ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ் கீயையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். லேப்டாப்பில் இதற்குக் கையை மடக்கித் திருப்ப வேண்டியிருக்கிறது. நாள் முழுக்கச் செய்தால் மணிக்கட்டு வலிக்கிறது.

அதே கீபோர்டில், இடது சுண்டுவிரல் தங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கேப்ஸ் லாக் இருக்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. தமிழ்99 என்ற தமிழ் கீபோர்ட் அமைப்பில் ‘அ’ வரும் விசையை ஒட்டி இடப்பக்கம் இருப்பது இதுதான். தமிழ் எழுதுபவர் யாராக இருந்தாலும் இந்த இடத்தை மொழி மாற்றத்துக்குக் கொடுத்துவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. கேப்ஸ் லாக் ஆதியிலிருந்தே அங்கே இருந்ததும் இல்லை. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் அந்த இடத்தில் கண்ட்ரோல் விசைதான் இருந்தது.

எந்தக் கருவி?

மைக்ரோசாஃப்ட்டின் பவர்டாய்ஸ். இலவசம், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே கிடைக்கும். ஆட்டோஹாட்கீ இதைவிடச் சக்தி வாய்ந்தது. ஆனால் அதில் ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். முதன்முறை செய்பவருக்கு அது தேவையில்லை. ஷார்ப்கீஸ் என்று இன்னொன்று இருக்கிறது, அது வேறு தேவைக்கு. கீழே சொல்கிறேன்.

முதலில் கீபோர்ட் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். விண்டோஸ் கீ + ஸ்பேஸ் பட்டியலில் இருக்கும் கீபோர்டுகளை வரிசையாகச் சுற்றிக் காட்டும். இங்கிலீஷ் யுஎஸ், இங்கிலீஷ் இந்தியா, தமிழ், தமிழ்99 என்று நான்கு இருந்தால், கேப்ஸ் லாக்கை ஒருமுறை தட்டியதும் எது வரும் என்று உங்களுக்கே தெரியாது. இரண்டே இரண்டு இருந்தால்தான் ஒரு தட்டு தமிழ், மறு தட்டு ஆங்கிலம் என்று விரல் பழகும்.

செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதற்குள் லாங்குவேஜ் அண்ட் ரீஜன். மொழிக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டி லாங்குவேஜ் ஆப்ஷன்ஸுக்குப் போனால் கீழே கீபோர்டுகள் தெரியும். வேண்டாதவற்றை நீக்கிவிடுங்கள். ஆங்கிலத்தில் இங்கிலீஷ் இந்தியா கீபோர்டை வைத்துக்கொள்ளச் சொல்வேன்: வலது ஆல்ட்டும் 4-ம் சேர்த்து அழுத்தினால் ₹ வரும்.

விசையை மாற்றுதல்

1. கேப்ஸ் லாக் விளக்கு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். எரிகிற நிலையில் மாற்றினால் எல்லாம் பெரிய எழுத்தாகவே வரும், அணைக்க விசையும் இருக்காது.

2. பவர்டாய்ஸைத் திறந்து கீபோர்ட் மேனேஜரை ஆன் செய்து, ‘ரீமேப் எ கீ’ பொத்தானை அழுத்துங்கள். பக்கத்திலேயே ‘ரீமேப் எ ஷார்ட்கட்’ என்றும் இருக்கும். நமக்கு வேண்டியது முதலாவது. (பதிப்புக்குப் பதிப்பு பொத்தான்களின் பெயரும் இடமும் கொஞ்சம் மாறும்.)

3. புதிய வரி ஒன்றைச் சேருங்கள். இடப்பக்கம் நீங்கள் அழுத்தப்போகும் விசை, வலப்பக்கம் கணினிக்குப் போகவேண்டியது. இடப்பக்கம் ‘செலக்ட்’ தட்டினால் விசையை அழுத்தச் சொல்லி ஒரு சின்னப் பெட்டி வரும். கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள்.

பலர் நிற்கும் இடம் இந்தப் பெட்டிதான். விசை பதிவானதும் பழக்கத்தில் என்டரைத் தட்டுவோம். உடனே கேப்ஸ் லாக்குக்குப் பதிலாக என்டர் பதிவாகிவிடும். சரி, ரத்து செய்யலாம் என்று எஸ்கேப்பைத் தட்டினால் எஸ்கேப் பதிவாகும். பெட்டி எந்த விசையையும் விடாமல் பிடித்துக்கொள்வதால் இப்படி. என்டரைத் தட்டாமல் அழுத்திப் பிடியுங்கள், ஏற்றுக்கொள்ளும். எஸ்கேப்பை அழுத்திப் பிடித்தால் ரத்தாகும். மவுஸால் ஓகே தட்டினாலும் போதும்.

4. வலப்பக்கத்துக்கு விசையைத் தட்டிப் பதிய வேண்டாம், பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுங்கள். முதலில் இடது விண்டோஸ் கீ. அதைத் தேர்ந்ததும் பக்கத்தில் இன்னொரு பட்டியல் முளைக்கும். அதில் ஸ்பேஸ்.

5. ஓகே கொடுத்ததும், கேப்ஸ் லாக் வேலையைச் செய்ய இனி வேறு விசை இல்லை என்று எச்சரிக்கும். ‘கண்டினியூ எனிவே’ கொடுங்கள்.

நோட்பேடைத் திறந்து தட்டிப் பாருங்கள். கணினியைத் திரும்பத் தொடங்கத் தேவையில்லை.

ஆன்லைன் படிவங்களில் பெயரைப் பெரிய எழுத்தில் அடிக்கிறவர்களுக்குக் கேப்ஸ் லாக் அவ்வப்போது வேண்டியிருக்கும். அதே திரையில் இன்னொரு வரி சேர்த்து, வலது கண்ட்ரோலைக் கேப்ஸ் லாக் ஆக்கிவிடுங்கள். வலது ஆல்ட்டை மட்டும் தொடாதீர்கள், ₹ போய்விடும்.

எங்கெல்லாம் வேலை செய்யாது

லாகின் திரையில் பவர்டாய்ஸ் ஓடாது. அங்கே கேப்ஸ் லாக் பழைய கேப்ஸ் லாக்தான். பழக்கத்தில் கை பட்டுவிட்டால் பாஸ்வேர்ட் தவறு என்று வரும். அதோடு உள்ளே நுழைந்த பிறகும் பெரிய எழுத்து அப்படியே தொடரும். பாஸ்வேர்ட் பெட்டிக்குக் கீழே கேப்ஸ் லாக் ஆனில் இருப்பதாக விண்டோஸ் காட்டினால் அங்கேயே அணைத்துவிடுங்கள். உள்ளே வந்த பிறகுதான் கவனித்தீர்கள் என்றால், கீபோர்ட் மேனேஜரை ஆஃப் செய்து, ஒருமுறை கேப்ஸ் லாக்கைத் தட்டி, மீண்டும் ஆன் செய்யுங்கள்.

அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த மென்பொருளுக்குள்ளும் மாற்றம் செல்லாது. பவர்டாய்ஸின் ஜெனரல் பக்கத்தில் அதையும் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட வைத்தால் சரியாகிவிடும்.

விசையே உடைந்திருந்தால்

இடது கண்ட்ரோல் செத்துப்போன லேப்டாப்புக்கு நான் ஷார்ப்கீஸைத்தான் சொல்வேன். அது பின்னணியில் ஓடாது. எந்த விசை எதுவாக மாற வேண்டும் என்பதை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) ஒருமுறை எழுதிவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதனால் லாகின் திரையிலும் வேலை செய்யும், அந்தக் கணினியின் எல்லாப் பயனருக்கும் பொருந்தும்.

‘ஆட்’ தட்டி, இடப்பக்கம் கேப்ஸ் லாக், வலப்பக்கம் இடது கண்ட்ரோல் தேர்ந்து ஓகே கொடுங்கள். பிறகு ‘ரைட் டு ரெஜிஸ்ட்ரி’. இதை அழுத்தாமல் மூடினால் எதுவும் மாறாது. கடைசியாக ரீஸ்டார்ட். ஷட்டவுன் செய்து திறப்பதைவிட ரீஸ்டார்ட்டே நல்லது, ஏனென்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும்போது ஷட்டவுன் விண்டோஸை முழுதாக மூடுவதில்லை.

ஒரு விசைக்கு ஒரு விசை மட்டுமே இதில் முடியும். விண்டோஸ் கீ + ஸ்பேஸ் போன்ற கூட்டை ஏற்காது.

பின்சேர்க்கை: பின்னூட்டங்களில் வந்தவை

எஃப்என் விசையை மாற்ற முடியுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான லேப்டாப்பில் அதைக் கீபோர்டே கையாள்கிறது, விண்டோஸுக்கு அது வந்து சேர்வதே இல்லை. அதனால் இந்தக் கருவிகளால் பயனில்லை. பயாஸைப் (விண்டோஸ் தொடங்குமுன் வரும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) பாருங்கள், திங்க்பேட்களில் எஃப்என்னையும் கண்ட்ரோலையும் இடம் மாற்றும் வசதி அங்கே உண்டு.

2024 முதல் வந்த பல லேப்டாப்களில் வலது கண்ட்ரோல் இருந்த இடத்தில், மைக்ரோசாஃப்ட்டின் ஏஐ உதவியாளரைத் திறக்கும் கோபைலட் விசை இருக்கிறது. அது தனி விசை போலத் தெரிந்தாலும், அனுப்புவது இடது ஷிஃப்ட் + விண்டோஸ் கீ + எஃப்23 என்ற கூட்டு. ஆகவே ‘ரீமேப் எ கீ’யில் போடாமல் ‘ரீமேப் எ ஷார்ட்கட்’டில் போடுங்கள். அந்த விசையை ஒரு தட்டில் முடிகிற வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அழுத்திப் பிடித்துக்கொண்டே இன்னொரு விசையைச் சேர்க்கிற கண்ட்ரோலாக அது சரிப்பட்டு வருவதில்லை.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு வேலை இல்லை. கீபோர்ட் செட்டிங்ஸில் இன்புட் சோர்சஸ் பகுதியில், கேப்ஸ் லாக்கால் ஆங்கிலத்துக்குப் போய் வரும் வசதியை டிக் செய்தால் போதும். நீளமாக அழுத்தினால் கேப்ஸ் லாக்கும் கிடைக்கும். லினக்ஸில் க்னோம் டெஸ்க்டாப் பயன்படுத்துவோர் ட்வீக்ஸ் செயலியைத் திறந்து, கீபோர்ட் பகுதியின் கூடுதல் லேஅவுட் விருப்பங்களில் தேடுங்கள்.