பத்து ரூபாய்க்குப் பதினொரு வழி

கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் தரம் 5 பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். 1, 2, 5, 10 ரூபாய்க் குற்றிகளால் பத்து ரூபாயை எத்தனை விதமாகக் கொடுக்கலாம் என்று கேட்டால், மனதில் பட்டதையெல்லாம் எழுதுவார்கள். சிலது இரண்டு தரம் வரும், சிலது விடுபடும். பெரிய குற்றியிலிருந்து ஒழுங்காக இறங்கி வந்தால் இரண்டும் நடக்காது.

பத்து ரூபாய்க் குற்றி ஒன்று போட்டால் அதோடு சரி. அது ஒரு விதம். இனிப் பத்தைத் தொடக்கூடாது, ஐந்துக்கு வாருங்கள். ஐந்து இரண்டு போட்டால் இன்னொரு விதம். ஐந்து ஒன்று மட்டும் போட்டால் மிச்சம் 5 ரூபாய். அதற்குள் இரண்டு ரூபாய்க் குற்றி இரண்டு போடலாம், ஒன்று போடலாம், போடாமலும் விடலாம். குறைவதை ஒரு ரூபாய்க் குற்றிகள் நிரப்பும். ஆக மூன்று விதம். ஐந்தே போடாவிட்டால் இரண்டு ரூபாய்க் குற்றி ஐந்திலிருந்து பூச்சியம் வரை இறங்கும், ஆறு விதம். 1, 1, 3, 6 கூட்டினால் 11.

ஒரு ரூபாய்க் குற்றியைத் தனியாக எண்ணவே தேவையில்லை, அது மிச்சத்தைத் தானாக நிரப்பிவிடும் என்பதைப் பிள்ளை பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒன்றும் இரண்டும் மட்டும் இருந்தால், தொகையைப் பாதியாக்கி, அரை வந்தால் விட்டுவிட்டு, ஒன்று கூட்டினால் விடை. 15க்கு ஏழும் ஒன்றும் எட்டு.

தாளில் எழுத முன்னர் உண்மையான குற்றிகளைப் பாயில் பரப்பிச் செய்ய விடுங்கள். கை பழகினால் கணக்கும் பழகும்.

கடையில் இது வேறு விதமாக உதவும். 100 ரூபாய்க்கு 87 ரூபாய்ச் சாமான் வாங்கினால் மிச்சக் காசு 13. குறைந்த குற்றிகளில் கொடுக்கப் பெரியதை முதலில் எடுத்தால் போதும்: 10, 2, 1. ஒரு ரூபாய் இல்லாவிட்டால்? பத்தை எடுத்தால் மூன்று ரூபாயில் மாட்டிக்கொள்வோம். பத்தை விட்டு 5 ஒன்றும் 2 நான்கும் எடுத்தால் சரியாக 13. இரண்டும் ஐந்தும் போதிய அளவு இருந்தால் 1, 3 ஆகிய இரண்டைத் தவிர எந்தத் தொகையும் கொடுக்கலாம். ஒற்றைத் தொகைக்கு முதலில் ஓர் ஐந்து, மிச்சம் முழுவதும் இரண்டு. ஒரு ரூபாய்க்குப் பதில் டொபி தருவது எனக்குப் பிடிக்காது. வாங்குகிறவர் இன்னும் 2 ரூபாய் கொடுத்தால் 15 ஆகிவிடும், பத்தும் ஐந்தும் கொடுத்து முடிக்கலாம்.

அப்புறம், இதே நான்கு குற்றிகளால் 20 ரூபாயைச் செய்யச் சொல்லுங்கள். பத்து இரண்டு போட்டால் ஒரு விதம். பத்து ஒன்று போட்டால் மிச்சம் பழைய கணக்குத்தான், பத்து ரூபாய்க் குற்றி வந்த விதத்தைக் கழிக்க 10. பத்தே இல்லாமல் 29. மொத்தம் 40 வர வேண்டும். குறைந்தால், பத்தும் ஐந்தும் இல்லாத 11 விதங்களை முதலில் சரிபாருங்கள்.