போர் போடும்போது நீரோட்டக்காரரிடம் ஏமாறாமல் இருக்க

வேலூர் பக்கம் போர் (ஆழ்துளைக் கிணறு) போடுவது என்று முடிவானதும், துளையிடும் ரிக் வண்டிக்குச் சொல்லும் முன்பே, நிலத்தடியில் தண்ணீர் எங்கே என்று சொல்லும் நீரோட்டக்காரரைத் தேடுகிறோம். தேங்காய், வேப்பங்குச்சி, செம்புக் கம்பி, இப்போது மெஷின் என்று கருவிதான் மாறுகிறது. "இங்க போடுங்க, மூணு இஞ்சு தண்ணி நிச்சயம்" என்ற வாக்கு மட்டும் மாறுவதே இல்லை.

முதல் தவறு, அவர் பெயரை மட்டும் கேட்டு நம்புவது. "நூறு போர் பார்த்துட்டாரு" என்றால், எந்த ஊரில் என்று கேளுங்கள். பாலாற்றங்கரை மணற்பாங்கில் பெரும்பாலும் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும். அங்கே பலித்ததை வைத்து அணைக்கட்டு, பேரணாம்பட்டு மலையடிவாரப் பாறை நிலத்துக்கு அவரை நம்ப முடியாது. பாறை நிலத்தில் தண்ணீர் நிற்பது மேலே சிதைந்த பாறையிலும் கீழே வெடிப்புகளிலும்தான். பத்தடி தள்ளினால்கூட நிலைமை மாறலாம். பொய்த்துப்போன போர்கள் எவை என்று கேட்டு, இரண்டு இடத்துக்காவது நேரில் போய்ப் பாருங்கள். "எனக்குப் பொய்த்ததே இல்லை" என்பவரை அதோடு அனுப்பிவிடலாம்.

குச்சி தானாகத் திரும்புவதைக் கண்ணால் பார்த்தோம் என்பார்கள். பிடித்திருக்கும் கையின் மிக நுண்ணிய அசைவே அதற்குப் போதும், அவர் வேண்டுமென்று செய்ய வேண்டியதில்லை. 1990-ல் ஜெர்மனியின் காசெல் நகரில் 30 நீரோட்டக்காரர்களை வைத்துச் சோதித்தார்கள். மண்ணுக்கு அடியில் அரை மீட்டர் ஆழத்தில் புதைத்த குழாயில் தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்று மட்டும் சொல்ல வேண்டும். சோதனை முறையை அவர்களே முன்கூட்டி ஒப்புக்கொண்டிருந்தார்கள். குத்துமதிப்பாகச் சொன்னால் எவ்வளவு பலிக்குமோ அவ்வளவுதான் பலித்தது.

மெஷின் என்றதும் கேள்வி கேட்பதை நிறுத்துவது அடுத்த தவறு. மின்தடை அளவீடு நல்ல முறைதான். நான்கு கம்பிகளைத் தரையில் அடித்து, வெளிக்கம்பிகள் இரண்டையும் படிப்படியாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். முந்நூறு அடி ஆழம் தெரிய வேண்டுமானால், நடுவிலிருந்து இருபுறமும் குறைந்தது அதே முந்நூறு அடிக்காவது ஒயர் நீள வேண்டும். முப்பதடி ஒயரில் ஐந்நூறு அடி ஆழத்தைச் சொல்பவரிடம் எப்படி என்று கேளுங்கள். தண்ணீர் நிற்கும் பாறையைப் போலவே களிமண்ணும் உப்புத் தண்ணீரும்கூட குறைந்த மின்தடை காட்டும் என்பதை, முறையாகப் படித்தவர் கேட்காமலே சொல்வார். அப்படிச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்கலாம்.

எத்தனை அடியில், மணிக்கு எத்தனை லிட்டர் என்று முன்கூட்டியே தாளில் எழுதி வாங்குங்கள். எந்த அடியில் நிறுத்துவது என்பதும் அதிலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் "இன்னும் நூறடி போனா வந்துடும்" என்ற பேச்சு தொடங்கும். ஆழம் கூடக்கூட அடிக்கான கூலி ஏறும், வெடிப்புகளோ பொதுவாகக் குறையும். குடும்பங்கள் கடனில் விழுவது பெரும்பாலும் இந்தக் கடைசி நூறடிகளில்தான்.

போர் ஓட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஒவ்வொரு ராடு (துளையிடும் கம்பி) இறங்கும்போதும் ஒரு கைப்பிடித் தூளைப் பொட்டலம் கட்டி, ஆழத்தை மேலே எழுதுங்கள். துரு நிறம் ஏறிய சில்லுகள் வந்தால், அந்த இடத்து வெடிப்பில் தண்ணீர் நடமாடியதற்கு அடையாளம். அந்தப் பொட்டலங்கள் கையில் இருந்தால், அடுத்த போருக்கு யார் வந்து என்ன சொன்னாலும் ஒத்துப்பார்க்க முடியும்.

கம்ப்ரசர் அடிக்கும்போது பீய்ச்சும் தண்ணீரைக் கண்டு மோட்டார் வாங்கிவிடாதீர்கள். ஆறரை இஞ்சு போரில் முந்நூறு அடி தண்ணீர் நின்றால், அதிலேயே ஏறத்தாழ 2,000 லிட்டர் இருக்கும். அது தீர்ந்த பிறகு ஊறி வருவதுதான் உங்கள் தண்ணீர். சில மணி நேரம் பம்ப் ஓட்டி, 200 லிட்டர் டிரம் நிரம்பும் நேரத்தை அடிக்கடி குறியுங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 12,000 லிட்டர்.

வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பரில் எடுத்த அளவை மட்டும் வைத்துக் கரும்பு நடாதீர்கள். மாதம் ஒருமுறை கயிறு விட்டு நீர்மட்டத்தைக் குறித்து வைத்து, மே மாதக் கணக்கைப் பார்த்தபின் பயிரை முடிவு செய்யுங்கள்.