ஃப்ளை லைன் நுனியில நாமளே லூப் போடறது எப்படி

செயற்கைப் பூச்சிய வீசி மீன் பிடிக்கற ஃப்ளை ஃபிஷிங்குக்கு இப்ப வர்ற ஃப்ளை லைன் (கோட்டிங் போட்ட தடிச்ச தூண்டில் கயிறு) நிறையது, நுனியிலயே வெல்டட் லூப்போட, அதாவது உருக்கி ஒட்டின வளையத்தோட வருது, ஆனா நல்லா யூஸ் பண்ணின லைன்ல அந்த லூப் மேல இருக்கற கோட்டிங் வெடிச்சு உள்ள நூல் தெரிய ஆரம்பிச்சிடும், அதுக்காக லைனயே மாத்த வேண்டாம். வெடிச்ச நுனிய வெட்டிட்டு லைனயே மடிச்சு லூப் போடுங்க, கடையில விக்கற பின்னல் லூப்ப விட எனக்கு இதுலதான் நம்பிக்கை.

8 இல்ல 10 பவுண்ட் தாங்கற மோனோ (ஒத்தை இழை நைலான் நரம்பு), காலி பேனா ரீஃபில் துண்டு ஒண்ணு, வளைஞ்சு குடுக்கற மாதிரி யூவி குளூ (புற ஊதா லைட் பட்டா இறுகற பசை), இவ்ளோதான் வேணும். லைன் நுனிய சாய்வா வெட்டி ஒன்றரை இஞ்ச் மடிங்க, லூப் கால் இஞ்சுக்கு மேல வேண்டாம், பெருசானா ராடு கைடுல (தூண்டில் கம்புல லைன் போற வளையம்) போய் இடிக்கும். மடிச்ச லைனோட ரீஃபிலயும் மோனோவயும் ஒட்டி வச்சுப் பிடிச்சுக்கிட்டு, மோனோவோட ஒரு முனைய எல்லாத்தயும் சேர்த்து 6, 7 சுத்து நெருக்கமா சுத்தி, அந்த முனைய ரீஃபில் வழியா விட்டு ஆரம்பிச்ச பக்கமா வெளிய எடுத்துட்டு ரீஃபில மெல்ல உருவுங்க. சுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறக்கூடாது, ஏறிடுச்சுன்னா அவுத்துட்டு திரும்பப் போடுங்க. எச்சில் தொட்டு ரெண்டு முனையையும் இழுத்தா மோனோ கோட்டிங்குல லேசா பதியறது கண்ணுக்கே தெரியும், அந்தப் பிடிதான் லூப்ப உருவ விடாது. இதுதான் நெயில் நாட், பக்கத்துலயே இன்னொண்ணு கட்டாயம் போடுங்க, ஒண்ணு மட்டும் போட்டா பெரிய மீன் இழுக்கும்போது பயந்துகிட்டே இருக்கணும்.

மீதி மோனோவ ஒட்ட வெட்டிட்டு நாட் மேலயும் மடிச்ச நுனி மேலயும் குளூவ மெல்லிசா தடவுங்க. சூப்பர் குளூ வேண்டாம், காஞ்சா விறைச்சுப் போய் அந்த இடத்துலயே லைன் மடங்கி மடங்கி கோட்டிங் வெடிக்கும்.

லீடர (லைன் நுனிக்கும் பூச்சிக்கும் நடுவுல வர்ற மெல்லிசு நரம்பு) மாட்டறதுக்கு லைன் லூப்ப லீடர் லூப்புக்குள்ள விட்டு, லீடரோட மெல்லிசு முனைய லைன் லூப் வழியா முழுசா இழுத்து இறுக்குங்க. ரெண்டு லூப்பும் கைகோத்த மாதிரி சரிசமமா உக்காரணும், ஒண்ணு மட்டும் பின்னாடி மடிஞ்சு இன்னொண்ண நெரிச்சா லீடர் லைன அறுத்துடும், அப்படித் தெரிஞ்சா தளத்தி சரி பண்ணிட்டு அப்புறமா இறுக்குங்க. லீடர் மாத்தும்போதெல்லாம் நாட் மேல நகத்த ஓட்டிப் பாருங்க, குளூ கீறியிருந்தா இன்னொரு பூச்சு குடுத்தா போதும், மோனோவே தளந்துபோயிருந்தா நுனிய வெட்டிட்டு புதுசா போட்டுக்கங்க.