பழைய வெப்சைட்டை வெப்ஃப்ளோவில் புதுசாகக் கட்டுவது: டெம்ப்ளேட்டைத் தொடும் முன்பு

கோடு எழுதாமல் வெப்சைட் கட்டும் கருவிகளில் வெப்ஃப்ளோ, ஃப்ரேமர், விக்ஸ் என்று எதைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது டெம்ப்ளேட் கடைதான், அதாவது ஆயத்த டிசைன்கள். முதல் சில நாள் அந்தப் பக்கமே போகாதீர்கள். பெங்களூரில் போட்டோகிராபர், பரதநாட்டிய டீச்சர், ஃப்ரீலான்ஸ் டிசைனர் என்று நிறையப் பேரிடம் எப்போதோ யாரோ செய்து கொடுத்த ஒரு வெப்சைட் தூங்கிக்கொண்டிருக்கிறது. கோடு எழுதாமல் மவுஸால் இழுத்து வைத்தே புதுசாக்கிவிடலாம் என்று உட்காருகிறார்கள், டெம்ப்ளேட்டில் இருந்த மாடல் வாசகத்தை எடுத்துவிட்டுத் தங்கள் வாசகத்தைப் போட்டதும் எல்லாம் கோணலாகிவிடுகிறது, அப்படியே விட்டுவிடுகிறார்கள். கருவியில் தப்பில்லை, வேலை செய்யும் வரிசைதான் தலைகீழ். சரக்கு, அதாவது வாசகமும் படமும், முதலில், அலங்காரம் அப்புறம். தமிழ்த் தளம் என்றால் இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உதாரணத்துக்கு ராமமூர்த்தி நகரில் கல்யாண போட்டோ எடுக்கும் என் மாமா பையனின் தளத்தையே எடுத்துக்கொள்கிறேன். அவனுக்கு வரும் வாடிக்கையாளர்களில் தமிழும் உண்டு, கன்னடமும் உண்டு, ஆங்கிலத்தில் மட்டும் பேசுகிறவர்களும் உண்டு. மூன்று மொழியும் ஒரே பக்கத்தில் வரவேண்டும்.

முதல் வேலை கணக்கெடுப்பு. பழைய தளத்தின் முகவரிக்குப் பின்னால் சைட்மேப் டாட் எக்ஸ்எம்எல் (/sitemap.xml) என்று சேர்த்துப் பாருங்கள், இருந்தால் எல்லாப் பக்கங்களின் முகவரியும் ஒரே இடத்தில் கிடைக்கும். தளம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் இலவசக் கருவியான கூகுள் சர்ச் கன்சோலில் தளம் இணைந்திருந்தால் எந்தப் பக்கத்துக்கு உண்மையிலேயே ஆள் வருகிறார்கள் என்பதும் தெரியும். தொலைந்துபோன பக்கம் ஏதாவது இருந்தால் பழைய வெப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடுங்கள், பல சமயம் கிடைத்துவிடும். இதையெல்லாம் ஒரு ஷீட்டில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே வைக்கலாமா, தூக்கலாமா, வேறொன்றோடு சேர்க்கலாமா என்று எழுதுங்கள். வாசகம் முழுவதையும் ஒரு டாக்குமெண்டில் சேருங்கள். 2000-களில் எழுதிய தமிழ் என்றால் பாமினி, டிஸ்கி மாதிரி பழைய எழுத்து முறையில் இருக்கலாம். அதை இப்போது எல்லாக் கருவியும் படிக்கும் யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பார்த்துவிடுங்கள், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். போட்டோக்களைப் பழைய தளத்திலிருந்து இறக்காதீர்கள், அவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. ஒரிஜினலைத் தேடி எடுங்கள்.

அடுத்தது எந்தக் கருவி. எல்லாரும் உள்ளே வரும் வழியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், நான் வெளியே போகும் வழியைப் பார்க்கச் சொல்வேன். வெப்ஃப்ளோவில் காசு கட்டும் வொர்க்ஸ்பேஸ் திட்டம் (தளத்துக்கான ஹோஸ்டிங் திட்டம் அல்ல) எடுத்தால் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் கோடை வெளியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் சிஎம்எஸ்-இல், அதாவது கட்டுரைகளைச் சேமிக்கும் பகுதியில், போட்டுவைத்தவை அந்தக் கோடோடு சேர்ந்து வராது, தனியாக சிஎஸ்வி-யாக (ஷீட்டில் திறக்கும் கோப்பு) எடுக்கவேண்டும். ஃப்ரேமரிலும் விக்ஸிலும் தளத்தைக் கோடாக இறக்கும் வசதி கிடையாது. வேர்ட்பிரஸ் மேல் எலிமெண்டர் என்ற பக்கம் கட்டும் செருகியைப் போட்டுக்கொண்டால் எல்லாம் உங்கள் ஹோஸ்டிங்கிலேயே (தளத்தை வைத்திருக்க நீங்கள் வாடகைக்கு எடுக்கும் இடம்) இருக்கும், அப்டேட், பாதுகாப்பு என்று பராமரிப்பும் உங்கள் தலையில்தான். ஆண்டுக்கு ஒருமுறை தொடும் ஆறேழு பக்கத் தளத்துக்கு வெப்ஃப்ளோ போதும் என்பது என் கட்சி. மாமா பையனுக்கும் அதுதான்.

பணம் கட்டும்போது ஒன்று. விலை டாலரில் இருக்கும், கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் செய்திருக்கவேண்டும். ரிசர்வ் வங்கியின் ஆட்டோ டெபிட் விதிகள் 2021 அக்டோபரில் அமலுக்கு வந்த பிறகு மாதாமாதம் தானாகப் பிடிக்கும் வெளிநாட்டுக் கட்டணங்கள் அடிக்கடி தட்டிப்போகின்றன. ஆண்டுக் கட்டணமாகக் கட்டிவிட்டால் தலைவலி குறைவு. அதுவும் தளம் தயாரான பிறகு கட்டினால் போதும், கட்டி முடிக்கும்வரை இலவசக் கணக்கில் அவர்கள் தரும், வெப்ஃப்ளோ டாட் ஐஓ என்று முடியும் துணை முகவரியிலேயே ஓட்டலாம். ஆனால் அதில் பக்க எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு உண்டு, அதைத் தாண்டினால் முன்பே பணம் கட்டவேண்டியிருக்கும்.

இப்போது கருவியைத் திறங்கள். வெற்றுப் பக்கம். திரையில் தெரிவது படம் மாதிரி இருந்தாலும் நீங்கள் வரையவில்லை, பெட்டிக்குள் பெட்டி அடுக்குகிறீர்கள். இது மனதில் பதிந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. ஒரு செக்‌ஷன், அதற்குள் அகலத்தைக் கட்டுப்படுத்தும் கண்டெய்னர், அதற்குள் தலைப்பு, பத்தி, படம். பக்கத்தில் பக்கத்தில் வைக்க ஃப்ளெக்ஸ், கட்டம் கட்டமாக வைக்க கிரிட். எதையும் மவுஸால் பிடித்துத் தள்ளி இடம் சரிசெய்யாதீர்கள், இடைவெளியை பேடிங் (பெட்டிக்கு உள்ளே), மார்ஜின் (வெளியே), கேப் (பெட்டிகளுக்கு நடுவே) இவற்றில் எண்ணாகக் கொடுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் கிளாஸ் பெயர் வையுங்கள், அதன் தோற்ற அமைப்பு அந்தப் பெயரில்தான் சேமிக்கப்படும். பெயர் வைக்காமல் போனால் டிவ் பிளாக், டிவ் பிளாக் 2 என்று அதுவே வைத்துக்கொண்டு போகும், அடுத்த வருஷம் திறந்தால் எது எதுவென்று தெரியாது. ஒரு கிளாஸை மாற்றினால் அதே கிளாஸ் இருக்கும் எல்லாப் பக்கத்திலும் மாறும், அதுதான் வசதி, கவனிக்காவிட்டால் அதுவேதான் தொல்லை.

முழு வாசகத்தையும் அலங்காரமே இல்லாமல் இதில் கொட்டிவிடுங்கள். அப்புறம்தான் எழுத்தின் தோற்றம்.

டெம்ப்ளேட் எல்லாம் ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. மாமா பையனின் தளத்தில் ‘காண்டாக்ட்’ என்று ஆங்கிலத்தில் ஏழு எழுத்தாக இருந்த பட்டனில் ‘தொடர்புகொள்ளுங்கள்’ என்று போட்டதும், “அக்கா, பட்டன் ரெண்டு வரியா உடையுது” என்று ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். ‘பேச’ என்று மாற்றினோம், நின்றது. தமிழ் மெனுவுக்குச் சின்ன வார்த்தை தேடுவதும் டிசைன் வேலைதான். பட்டனுக்கு நிலையான அகலம் கொடுக்காமல் பேடிங் மட்டும் கொடுங்கள், வார்த்தைக்கு ஏற்ப அதுவே விரியும்.

வரி இடைவெளியில்தான் பெரும்பாலான தமிழ்த் தளங்கள் கோட்டை விடுகின்றன. ஆங்கிலத் தலைப்புக்கு 1.1, அதாவது எழுத்தின் அளவைப் போல் 1.1 மடங்கு, என்று டெம்ப்ளேட் வைத்திருக்கும். தமிழில் மேல்வரியின் ‘கு’, ‘சூ’ வால் கீழ்வரியின் ‘கீ’ சுழியில் போய் இடிக்கும். தலைப்புக்கு 1.3, 1.4, பத்திக்கு 1.7 என்று வைத்துப் பாருங்கள். கன்னடத்துக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாக வேண்டும், அதில் கூட்டெழுத்தின் இரண்டாவது மெய் அடியில் தொங்கும். எழுத்துகளுக்கு இடையிலான லெட்டர் ஸ்பேசிங்கை பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், மைனஸில் இருந்தால் தமிழ் எழுத்துகள் முட்டிக்கொள்ளும். இட்டாலிக்கை எடுத்துவிடுங்கள். பெரும்பாலான தமிழ் ஃபான்ட்களில் உண்மையான சாய்வெழுத்து கிடையாது, பிரவுசர் நேர் எழுத்தை இழுத்துச் சாய்த்துக் காட்டும், பார்க்கச் சகிக்காது.

எந்த ஃபான்ட்? கூகுள் ஃபான்ட்ஸில் முக்த மலர், கட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை எல்லாம் இலவசம். தமிழ் மட்டும் என்றால் எனக்கு முக்த மலர் பிடிக்கும். மும்மொழித் தளத்துக்கு அனெக் குடும்பத்தைப் பாருங்கள், மும்பையின் எக் டைப் செய்தது, தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றுக்கும் ஒரே கையெழுத்தில் வரைந்தது போல் இணைந்து வரும். ஒன்று குண்டாகவும் ஒன்று ஒல்லியாகவும் தெரியாது. தேவையான இரண்டு தடிமன் மட்டும் சேருங்கள், எல்லாவற்றையும் ஏற்றினால் பக்கம் கனக்கும். தள அமைப்பில் மொழிக் குறியீடு கேட்கும் இடத்தில் தமிழுக்கான குறியீட்டைக் (ta) கொடுக்க மறக்காதீர்கள், திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள்களுக்கு அது தேவை.

பிறகு போன். வெப்ஃப்ளோவில் டெஸ்க்டாப்பில் செய்வது திரை அகலம் 991, 767, 478 பிக்சல் என்று கீழே இறங்கிக்கொண்டே போகும், எந்த அளவில் மாற்றுகிறீர்களோ அதற்குக் கீழே எல்லாம் மாறும். கல்யாண வீட்டார் யாரும் லேப்டாப்பில் பார்க்கப்போவதில்லை, வாட்ஸ்ஆப்பில் வந்த லிங்கைத் தட்டித்தான் பார்ப்பார்கள். அதனால் வீட்டில் இருப்பதிலேயே பழைய ஆண்ட்ராய்டு போனை வாங்கி, வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். போட்டோக்களைக் கோப்பு அளவைக் குறைக்கும் வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றி, நீளப் பக்கம் 1600 பிக்சலுக்குள் சுருக்கினால் போதும்.

பக்க முகவரியைத் தமிழில் வைக்கவேண்டாம். ‘திருமணம்’ என்ற ஐந்தெழுத்து, லிங்காகக் காப்பி செய்து அனுப்பும்போது சதவீதக் குறியும் எண்ணுமாக 72 எழுத்துகள் ஆகிவிடும். ரோமன் எழுத்தில் சுருக்கமாக வையுங்கள். பழைய முகவரி மாறுகிற ஒவ்வொரு பக்கத்துக்கும் 301 ரீடைரக்ட், அதாவது பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் அமைப்பு, போடுங்கள், அந்த ஷீட்டை அதற்காகத்தான் முதலில் போடச் சொன்னேன். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது சோம்பேறித்தனம், ஆல்பத்தைத் தேடி வந்தவர் முகப்பில் நின்று முழிப்பார். ரீடைரக்டைக் குறைந்தது ஓராண்டாவது விட்டுவைக்கச் சொல்கிறது கூகுள். இலவசத் துணை முகவரி கூகுளில் ஏறாமல் இருக்க அமைப்பில் ஒரு பட்டன் இருக்கிறது, அதையும் தட்டிவிடுங்கள்.

கடைசியாக டொமைன். மாற்றுவதற்கு முந்தைய நாள், பழைய விவரத்தை மற்ற கணினிகள் எத்தனை நொடி நினைவில் வைக்கும் என்று சொல்லும் டிடிஎல் எண்ணை 300 ஆக்குங்கள். டொமைனின் எல்லா ரெக்கார்டுகளையும் வைத்திருக்கும் நேம்சர்வரை மாற்றாதீர்கள், தளம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஏ ரெக்கார்டு மாதிரி வெப்ஃப்ளோ கேட்கும் ரெக்கார்டுகளை மட்டும் மாற்றுங்கள். சொந்த டொமைனில் ஈமெயில் வைத்திருப்பவர்கள் மெயில் எங்கே போகவேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டைத் தொடவே கூடாது. நேம்சர்வரையே மாற்றிவிட்டு அந்த ரெக்கார்டைக் கொண்டுபோகாவிட்டால் தளம் பளபளவென்று வந்துவிடும், மெயில் மட்டும் சத்தமில்லாமல் நின்றுபோகும், யாராவது போன் செய்து கேட்கும்வரை தெரியாது. ஏ ரெக்கார்டை மாற்றுவதற்கு முன் பழைய அமைப்பை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள்.

பழைய ஹோஸ்டிங்கை உடனே மூடவேண்டாம், ஒரு மாதம் ஓடட்டும். அதற்குள் சர்ச் கன்சோலில் புதிய சைட்மேப்பைக் கொடுத்துவிட்டு, 404 (பக்கம் இல்லை) என்று வரும் முகவரிகளை வாரம் ஒருமுறை பார்த்து, விட்டுப்போனவற்றுக்கு ரீடைரக்ட் போட்டுக்கொண்டே வாருங்கள்.