ஹூஸ்டன் வீட்டில் முழுவீட்டு ஈரநீக்கி பொருத்துதல்

அமெரிக்காவில் ஹூஸ்டன் போன்ற வளைகுடாக் கரையோர ஊர்களில் வீட்டுக்குள் ஈரம் மிகுதியாகத் தொல்லை தருவது ஆகஸ்ட் மாதத்தில் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஏப்ரலும் அக்டோபரும்தான் தொல்லை. ஆகஸ்டில் ஏசி நாள் முழுவதும் ஓடுவதால், அதனுள் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருளான காயிலில் நீர் படிந்து வடிந்துகொண்டே இருக்கிறது. வெளியே 72 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும் ஏப்ரல் இரவில் ஏசிக்கு வேலையே இல்லை. ஆனால் கடல் காற்றில் ஈரம் குறைவதில்லை. சமையலறையில் மூடாமல் வைத்த அப்பளம் சற்று நேரத்தில் நமத்துப்போகிறது, அலமாரியிலுள்ள பட்டுப்புடவைகளில் பூஞ்சை வாடை அடிக்கிறது. தெர்மோஸ்டாட்டைக் குறைத்தாலாவது சரியாகுமா என்றால் அதுவும் இல்லை: 75 டிகிரியில் 60 சதவீதம் ஈரப்பதம் கொண்ட காற்றை, நீரை எடுக்காமல் 72 டிகிரிக்குக் குளிர்வித்தால், குளிர்ந்த காற்று குறைந்த நீராவியையே தாங்கும் என்பதால், ஈரப்பதம் ஏறக்குறைய 66 சதவீதமாக உயர்ந்துவிடும். வீட்டின் ஏசிக் காற்றுக் குழாயான டக்டுடன் இணைந்து வேலை செய்யும் டிஹியூமிடிஃபையர், அதாவது முழுவீட்டு ஈரநீக்கி, இந்த இடைவெளியை நிரப்புவதற்காக உள்ள கருவி.

வாங்குவதற்கு முன் அளக்க வேண்டும். மலிவான ஈரப்பதமானி ஒன்றே போதும். ஆனால் அது சொல்வதை அப்படியே நம்பக்கூடாது. ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சேறு போலக் குழையும் அளவுக்குச் சில துளி நீர் விட்டு, அதையும் மானியையும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் ஓர் இரவு வைத்தால், காலையில் மானி 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால் 5 சேர்த்துப் படித்துக்கொள்ளலாம். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழும், இயன்றால் 30 முதல் 50-க்குள்ளும் இருக்கட்டும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பரிந்துரை. ஒரு வாரம் அளந்து பார்த்ததில் குளியலறைப் பக்கம் மட்டும் 60-ஐத் தாண்டினால், தேவைப்படுவது ஈரநீக்கி அன்று, வெளியேற்று விசிறி. தெர்மோஸ்டாட்டில் விசிறி "ஆன்" என்ற நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த நிலையில் ஏசி நின்ற பிறகும் விசிறி சுற்றி, காயிலில் ஒட்டியிருக்கும் நீரை மறுபடி வீட்டுக்குள் ஆவியாக்கி அனுப்புகிறது. அதை "ஆட்டோ"வுக்கு மாற்றுவதற்குச் செலவே இல்லை. சில வீடுகளில் அதோடு வேலை முடிந்துவிடும்.

ஈரநீக்கியின் திறன், ஒரு நாளைக்கு எத்தனை பைண்ட் நீர் எடுக்கும் என்று குறிக்கப்படுகிறது. 70 பைண்ட் என்பது ஏறக்குறைய 33 லிட்டர். 100 பைண்ட் என்பது 47 லிட்டர். ஓரளவு இறுக்கமாகக் கட்டப்பட்ட 2,000 சதுர அடி வீட்டுக்கு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கருவி பொதுவாகப் போதும். பழைய விளம்பரங்களில் காணும் எண்கள் 80 டிகிரியில் சோதித்தவை. 2019 முதல் முழுவீட்டுக் கருவிகள் 73 டிகிரியில் சோதிக்கப்படுவதால் எண் சிறியதாகத் தெரியும். ஒப்பிடும்போது இதைக் கவனிக்காவிட்டால் கணக்குத் தவறும்.

இனி டக்ட் இணைப்பு. என் அனுபவத்தில், இந்த வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். வீட்டின் நடுவில், நடைக்கூடம் போன்ற இடத்தில், தனியாக ஒரு ரிட்டர்ன் கிரில் (காற்றை உள்ளிழுக்கும் சட்டகம்) வைத்துக் காற்றை ஈரநீக்கிக்கு இழுத்து, உலர்ந்து வரும் காற்றை ஏசி காயிலைத் தாண்டிய பிறகு, அறைகளுக்குக் காற்றை அனுப்பும் சப்ளை டக்டில் சேர்ப்பதே சரியான முறை. நேரம் மிச்சமாகும் என்பதற்காகச் சிலர் இரண்டு முனைகளையும், அறைகளிலிருந்து ஏசிக்குக் காற்றைத் திருப்பும் ரிட்டர்ன் டக்டிலேயே பொருத்திவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் முதலில் வந்த ஒப்பந்ததாரர் செய்ததும் அதுதான். ஏசி நிற்கும் ஒவ்வொரு முறையும் மானி 50-லிருந்து 56, 57 என்று ஏறுவதைக் கண்டு நான் குழம்பினேன். ஈரநீக்கியிலிருந்து வரும் வெதுவெதுப்பான உலர் காற்று, இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருக்கும் காயிலின் மீது பட்டு, ஏசி எடுத்த நீரையே திரும்ப உறிஞ்சி வீட்டுக்குள் கொண்டுவந்தது. வெளிவரும் முனையைச் சப்ளைப் பக்கம் மாற்றிய பிறகு அந்த ஏற்றம் நின்றது. அந்த முனையில் பின்னோட்டத் தடுப்பு டேம்பர் (காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் மூடி) ஒன்றும் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் ஏசி ஓடும்போது குளிர்ந்த காற்று ஈரநீக்கி வழியே பின்னோக்கிப் பாயும். ரிட்டர்ன் கிரிலை, புகைபோக்கி வழியே இயல்பாகப் புகை வெளியேறும் கேஸ் வாட்டர் ஹீட்டர் இருக்கும் அறையில் வைக்கவே கூடாது; அங்கிருந்து காற்றை இழுத்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரக்கூடும்.

ஈரநீக்கி வெப்பத்தையும் வெளியிடும் என்பதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. ஒரு லிட்டர் நீராவி குளிர்ந்து நீராகும்போது மட்டுமே ஏறக்குறைய 0.68 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வெளிப்படுகிறது. அதனுடன் கம்ப்ரஸரின் மின்சாரமும் வெப்பமாகச் சேரும். ஆகவே வெளிவரும் காற்று இளஞ்சூடாக இருப்பது பழுதன்று.

ஹூஸ்டனில் பெரும்பாலான வீடுகள் தரையோடு ஒட்டிய கான்கிரீட் தளத்தின் மீது நிற்பதால், கருவிக்கு இடம் அட்டிக் எனப்படும் கூரையடிப் பரண்தான். கோடையில் அங்கே வெப்பம் கடுமையாக இருக்குமாகையால், இரண்டு டக்டுகளும் ஆர்-8 அளவு (வெப்பத் தடுப்பைக் குறிக்கும் எண்) காப்பு உறையுடன் இருக்க வேண்டும். கருவியை மரச்சட்டங்களில் அப்படியே திருகி முடுக்காமல், அதிர்வு தாங்கும் தொங்கு பட்டைகளிலோ ரப்பர் பாதம் கொண்ட மேடையிலோ அமையுங்கள். படுக்கையறைக்கு நேர் மேலே வைத்தால் இரவில் அதன் உறுமல் கேட்கும். கீழே ஓர் இரண்டாம் டிரெயின் தட்டு, அதில் நீர் தேங்கினால் கருவியை நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்ச், இரண்டும் வேண்டும். நாளொன்றுக்கு 30 லிட்டர் நீர் கூரைப் பலகையின் மேல் இருக்கும் இடம் அது. முக்கால் அங்குல பிவிசி டிரெயின் குழாயை அடிக்குக் குறைந்தது எட்டில் ஒரு அங்குலம் சரிவாக இறக்கி, நீர் தேங்கிக் காற்றை அடைக்கும் வளைவான பி-டிராப் வைத்து, ஏசியின் குழாயோடு சேர்ப்பதானால் அதன் டிராப்புக்கு அப்பால் சேர்க்க வேண்டும்.

மின்சாரத்துக்குத் தனியான 15 ஆம்பியர் சுற்று விடுவது நலம். அதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். குளிர்பதன வாயு கருவிக்குள்ளேயே அடைபட்டிருப்பதால் அதைத் திறக்கும் வேலை வராது. எனினும் டெக்சாஸில் ஏசி டக்டில் கைவைக்கும் ஒப்பந்ததாரர் மாநில உரிமம் உடையவரா என்று பார்த்துக்கொள்வதும், நகர அனுமதி தேவையா என்று கேட்டுக்கொள்வதும் பின்னால் வீட்டை விற்கும்போது உதவும். ஈரப்பதத்தைப் பார்த்துக் கருவியை ஓட்டி நிறுத்தும் ஹியூமிடிஸ்டாட்டை உள்சுவரில் ஐந்தடி உயரத்தில், சப்ளைக் காற்று நேராக அடிக்காத, அடுப்புக்கும் குளியலறைக்கும் தள்ளிய இடத்தில் பொருத்தி, 50 சதவீதத்தில் வையுங்கள்.

ஓடவிடும் நாளில், டிரெயின் குழாயை இறுதியாக இணைப்பதற்கு முன் அதன் முனையில் ஐந்து காலன் வாளி ஒன்றை வைத்து, எத்தனை மணி நேரத்தில் நிரம்புகிறது என்று பாருங்கள். முதல் சில நாட்கள் வாளி வேகமாக நிரம்பும். கம்பளம், மெத்தை, சுவர்ப் பலகை, புத்தகங்கள் எல்லாம் மாதக்கணக்கில் குடித்துவைத்த நீரைக் கக்கும். ஓரிரு வாரங்களில் வேகம் தணியும். தணியாமல் கருவி இடைவிடாது ஓடினால் கருவியைக் குறை சொல்வதற்கு முன், அட்டிக்கில் கிழிந்த டக்டையும், துணி உலர்த்தியின் வெளிப்போக்குக் குழாய் கழன்றிருக்கிறதா என்பதையும் தேடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டரைப் பார்த்து, ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலுக்கு முன், இரண்டாம் தட்டில் ஒரு குடம் நீரை ஊற்றி, ஃப்ளோட் சுவிட்ச் கருவியை நிறுத்துகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு, அந்த நீரை முழுவதும் துடைத்தெடுத்து விடுங்கள்.